இடம்புரி முறுக்கு

சங்குமுனை,
காங்கேசன்துறை வழி.
14-10-1939

சேசு, மரி, சூசை துணை.

பாசமுள்ள மருமகள் கத்தரீனாவுக்கு, வடகடல் மீன்கள் எல்லாம் பெயரைக் கேட்டாலே வாயை மூடிக்கொள்ளும் தூண்டில்முள் மன்னன், உன் அம்மான் யாகப்பு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் கிழட்டுச் சேவலும் சர்வேசுரன் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். சேவலுக்கு மட்டும் கொஞ்சம் இருமல். கொழும்புக் காற்று உனக்கும் மருமகனுக்கும் ஒத்துக்கொள்கிறதா? குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா? நான் நாலு பல்லோடு பிறந்து மருத்துவிச்சியைக் கடித்தவன். நம்முடைய வம்சம் அப்படி. விரலைக் கொடுக்கும்போது கவனம்.

சீமையில் சண்டை தொடங்கினாலும் தொடங்கியது, பிரான்சிலிருந்து வரவேண்டிய செபமாலைப் பெட்டி வரவில்லை. சுவாமி போன ஞாயிறு பிரசங்கத்தில், "உள்ளதைப் பத்திரமாக வைத்திருங்கள், கப்பல் எப்போது வரும் என்று தெரியாது" என்றார். கோயிலில் பாதிச் சனம் விரல் மடித்துத்தான் செபிக்கிறது. நம்முடைய கோயில் மூப்பர் சந்தியாப்பிள்ளை பத்து மணியைப் பதினாலு வரைக்கும் கொண்டுபோய், பிறகு பயந்து ஆறுக்குத் திரும்பி வருகிறார். எனக்குப் பொறுக்கவில்லை. பூசை முடிந்ததும் எழும்பிக் கேட்டேன்: "சுவாமி, பிரான்சிலை இருக்கிறவனுக்கும் பத்து விரல்தானே?"

அன்று தொடங்கியது என் இராச்சியம். நாற்பது வருடம் தூண்டில்முள் வளைத்த குறடு சும்மாதான் கிடந்தது. முள் வளைத்தவனுக்கு மாலை ஒரு வேலையா? கம்பியை விரல் நீளத்துக்கு வெட்ட வேண்டும். ஒரு நுனியைக் குறட்டு மூக்கில் சுற்றினால் கண்ணி. கழுத்தில் மூன்று முறுக்கு. மணியைக் கோத்து, மற்ற நுனியிலும் கண்ணி போட்டு, பூட்டுமுன் அடுத்த மணியின் கண்ணியைக் கொழுவி, திரும்ப மூன்று முறுக்கு. அவ்வளவுதான். திமிங்கிலம் இழுத்தாலும் அறாது. இழுத்துப் பார்க்கத் திமிங்கிலம் ஒன்றும் இன்னும் வரவில்லை.

மணிக்கு என்ன செய்தேன் என்று கேள். அளவெட்டியில் ஏரம்பு என்று ஒரு கடைசல்காரன். பனை வைரத்தில் கறுப்பு மணி கடைந்து சைவக்காரருக்கு நூற்றெட்டு மணிச் செபமாலை கோத்துக் கொடுப்பவன். நமக்கு மணிக்கு ஒன்றாக ஐம்பது பிரியதத்த மந்திரம், இடையில் நாலு பரமண்டல மந்திரம், வட்டத்துக்கு ஆக ஐம்பத்துநாலு. நூற்றெட்டில் நேர்பாதி! சைவத்தை நடுவிலே வெட்டினால் இரண்டு வேதக்காரர். ஏரம்புவிடம் இதைச் சொன்னேன். அவன் அரை நாள் சிரித்துவிட்டு, சிலுவை தொங்கும் வாலுக்கு வேண்டிய ஐந்து மணியையும் சேர்த்துத் தந்தான்.

எனக்குக் கையுதவியாக மதலேன் இருக்கிறாள். முற்றம் கூட்ட வருகிறவள். ஒரு நாள் அறுந்த மாலை ஒன்றை என் குறட்டாலேயே, என்னைக் கேளாமல், என்னைவிடத் துப்புரவாகப் பூட்டி வைத்திருந்தாள். கோபம் வந்தது. பிறகு குறட்டைக் கொடுத்துவிட்டேன்.

மெல்லிய பித்தளைக் கம்பியும் சின்னச் சிலுவைகளும் கொழும்பில் கிடைத்தால் வாங்கி அனுப்பு. குழந்தையின் படம் ஒன்றும் வேண்டும். சேவல் உன்னை விசாரித்தது.

இப்படிக்கு,
இரு கடலுக்கும் அதிபதி, உன் அம்மான்
யாகப்பு

*

கொட்டாஞ்சேனை, கொழும்பு.
11-11-1939

அன்பும் மரியாதையும் உள்ள அம்மானுக்கு,

மாதாவின் காவலில் நாங்கள் மூவரும் நலம். குழந்தைக்கு இரண்டு பல். கடிக்கிறான். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? அம்மா இருந்திருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பா.

கம்பிச் சுருள் நாலு, சிலுவை ஆறு டசின், குழந்தையின் படம் ஒன்று, எல்லாம் பார்சலில் வருகிறது. இவர் ரயில் பகுதியில் வேலை என்பதால் பத்திரமாகக் காங்கேசன்துறை வரை வந்துவிடும். இங்கேயும் செபமாலைக்குத் தட்டுப்பாடுதான். நீங்கள் கட்டிய ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். உங்கள் கையால் கட்டியது என்று சொல்லிப் பக்கத்து வீட்டாருக்குக் காட்ட ஆசை.

மதலேன் என்றால், கோயிலில் வாங்குப் பலகையில் இடம் இல்லாமல் கடைசித் தூணுக்குப் பின்னால் தரையில் இருக்கிற ஆட்களில் சவிரி என்பவரின் மகளா?

அன்புள்ள மருமகள்,
கத்தரீனா

*

சங்குமுனை.
28-12-1939

சேசு, மரி, சூசை துணை.

கடிக்கிற வீரனைப் பெற்ற மருமகளுக்கு, அம்மானின் பாலன் பிறப்பு ஆசீர்வாதம். சேவலின் இருமல் போய்விட்டது. பெருநாள் அன்று குழம்பாகிவிட்டது.

படம் கிடைத்தது. என்ன கம்பீரம்! மருமகனின் மீசையைப் பார்த்து எழும்பி நின்று கும்பிட்டேன். அந்த மீசையின் ஒரு நுனியில் காங்கேசன்துறைக் கலங்கரை விளக்கையும் மற்ற நுனியில் மருதனார்மடச் சந்தையையும் கொழுவலாம்.

உனக்கொரு செபமாலை இதனுடன் வருகிறது. இதுவரை ஊருக்கு ஐம்பதுக்கு மேல் கொடுத்தாயிற்று. சுவாமி தண்ணீர் தெளித்து மந்திரித்துக் களைத்துப்போனார். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. மூப்பர் சந்தியாப்பிள்ளை பூதக்கண்ணாடி ஒன்று வாங்கும் வரைக்கும்.

பெருநாளுக்கு மறுநாள் என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் இரண்டு மாலை.

"என்ன காணும் யாகப்பு, இது ரெண்டும் ஒரு ஆள் கட்டினதோ?"

"ரெண்டும் ஒரு மாதாவுக்குத்தானே மூப்பர்."

"மாதாவைக் கேக்கேல்லை, உம்மைக் கேக்கிறன். இதிலை கம்பி வலம்புரியாச் சுத்தியிருக்கு. உதிலை இடம்புரி. உம்மடை வீட்டிலை இடக்கைக்காரி ஆர்?"

சங்கு குளித்த ஊர் பார், பிள்ளை. சுழி பார்க்கப் பிறக்கும்போதே தெரியும். மதலேன் இடக்கைக்காரி. அவள் குறடு பிடித்தால் முறுக்கு இடப்பக்கம்தான் போகும். நான் மறைக்கவில்லை.

"மதலேன்தான்" என்றேன்.

"தூணுக்குப் பின்னாலை இருக்கிறவள் கட்டினதை முன் வாங்கிலை இருக்கிறவை கையாலை தொடுறதோ?"

"மணியைக் கடைஞ்சவன் அளவெட்டிச் சைவக்காரன். அதுக்கு ஒரு குறையும் இல்லை. கம்பியை முறுக்கினவள் ஞானஸ்நானம் பெற்றவள். அதுக்குத்தான் தீட்டோ? நல்ல வேதம் காணும் உம்மடை வேதம்."

அவருடைய முகம் சிவந்தது. அவித்த நண்டு வெட்கப்பட்டிருக்கும். மூன்றிராசாக்கள் திருநாளுக்குள் இடம்புரி மாலை எல்லாம் திரும்பி வரவேண்டும், இனி அவள் குறட்டைத் தொடக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டுப் போனார். மதலேன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாம் கேட்டாள். கையில் இருந்த மணியைப் பூட்டி முடித்துவிட்டுத்தான் குறட்டைக் கீழே வைத்தாள்.

நான் இதை விடப்போவதில்லை. உன் அம்மானை உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கட்டளைக்கு அடங்காத
யாகப்பு

*

கொட்டாஞ்சேனை.
19-1-1940

அன்புள்ள அம்மானுக்கு,

புது வருடத்தில் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரும்படி மாதாவை மன்றாடுகிறேன். இங்கே எங்களுக்குக் குறையில்லை.

அம்மான், நான் அனுப்பிய படத்தில் குழந்தை மட்டும்தான் இருக்கிறான். இவர் அதில் இல்லை. இவருக்கு மீசையும் இல்லை. உங்களுடைய எழுத்தும் இந்த முறை கோட்டை விட்டு இறங்கிக் கடிதாசியின் ஓரம்வரை போயிருந்தது. கண்ணுக்கு ஏதாவது வருத்தமா? மறைக்காமல் எழுதுங்கள்.

மூப்பரோடு ஏன் சண்டை? தனியாக இருக்கிறீர்கள். காய்ச்சல் வந்தால் ஊர்தான் கஞ்சி தரவேண்டும். மதலேன் பாவம்தான். ஆனாலும் உலகம் நாங்கள் செய்ததல்ல. அவளை நிறுத்திவிட்டால் எல்லாம் அடங்கிவிடும்.

செபமாலை கிடைத்தது. அழகாக இருக்கிறது. முறுக்கு எந்தப் பக்கம் என்று எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. யார் கட்டியது? ஒன்றுமில்லை, சும்மாதான் கேட்கிறேன். இப்போதைக்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அன்புள்ள,
கத்தரீனா

*

சங்குமுனை.
22-4-1940

சேசு, மரி, சூசை துணை.

கொழும்பில் பெட்டியும் பூட்டும் வைத்திருக்கிற மருமகளுக்கு, மூன்று மாதம் யோசித்து அம்மான் எழுதிக்கொள்வது. நான் இரும்பு மாதிரி இருக்கிறேன். நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும். பிந்தியதற்குக் காரணம் கேட்காதே. மூன்று மாதமும் சக்கரவர்த்தி வேலை.

உன் கேள்விக்குப் பதில். யார் கட்டியது என்று மாலையையே கேள். நூற்றைம்பத்துமூன்று மணிச் செபம் செய். கடைசியில் அதுவே சொல்லும். சொல்லாவிட்டால் திரும்பவும் செய்.

மூன்றிராசாக்கள் திருநாளுக்கு இடம்புரி மாலை முப்பத்தொன்று திரும்பி வந்தது. ஒரு ஓலைக் கடகத்தில் போட்டு மதலேனிடம் கொடுத்தேன். அவள் கொண்டுபோய்த் தூணுக்குப் பின்னால் இருக்கிற தன் ஆட்களுக்குக் கொடுத்தாள். அதுவரை அங்கே மாலை வைத்திருந்தவர் இரண்டு பேர். இப்போது கோயிலில் ஒருமித்து மணிச்சத்தம் கேட்கிற இடம் அதுதான். மூப்பருக்குத் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை, பாராமல் இருக்கவும் முடியவில்லை.

பிறகு மூப்பரிடம் போய், கையைக் கட்டிக்கொண்டு, "இனி இடம்புரி ஒண்டும் வராது மூப்பர்" என்றேன். சத்தியவாக்கு. அன்று தொடக்கம் என் வீட்டிலிருந்து வெளியேறுகிற மாலை அத்தனையும் வலம்புரி. ஊர் சந்தோஷமாக வாங்குகிறது. பூதக்கண்ணாடிக்கு வேலை இல்லை.

தபசு காலத்தில் மூப்பருடைய தாயார் மோட்சம் சேர்ந்தா. நல்ல மனுசி. கைகளில் சுற்றிப் புதைக்க மாலை தேடி மூப்பரே என் வீட்டுக்கு வந்தார். கடகத்தைக் கவிழ்த்து, பத்துப் பன்னிரண்டைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, சுத்த வலம்புரி ஒன்றைத் தன் கையாலேயே தெரிந்து எடுத்தார். நான் வாய் திறக்கவில்லை. நான் வாய் திறக்காத அந்த நாளைச் சரித்திரத்தில் எழுத வேண்டும்.

கண்ணைப் பற்றிக் கேட்டாய். என் கண்ணுக்கு என்ன? இங்கே இருந்தே இராமேசுவரத்தில் நடக்கிறவனின் கடுக்கன் தெரிகிறது.

இப்படிக்கு,
கழுகுக் கண்ணன்
யாகப்பு

*

கொட்டாஞ்சேனை.
5-5-1940

அன்புள்ள அம்மானுக்கு,

உங்கள் சுகத்துக்காக ஒவ்வொரு சனியும் மெழுகுதிரி கொளுத்துகிறேன். நாங்கள் நலம். மதலேனை நிறுத்திவிட்டீர்கள் என்று விளங்குகிறது. நல்லது.

ஆனால் அம்மான், இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு எழுத்தும் கொப்பியில் வைத்து எழுதியது போல இருக்கிறது. உங்கள் 'ழ' எப்போதும் தூண்டில்முள் மாதிரி வளைந்திருக்கும். இதில் அது ஒழுங்காக நிற்கிறது. வரிகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன.

இதை எழுதுகிறவருக்கு: நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இதுவரை எழுதியது எல்லாம் அம்மானுக்கு வாசித்துக் காட்டுங்கள். இந்தக் கடைசி வரிகளை மட்டும் வாசிக்க வேண்டாம். அவருக்கு என்ன என்று எனக்கு எழுதுங்கள்.

கத்தரீனா

*

சங்குமுனை.
30-5-1940

கத்தரீனா நாச்சியாருக்குத் தோத்திரம்.

ஐயா சுகமாக இருக்கிறார். நேரத்துக்குச் சாப்பிடுகிறார். நாச்சியாரும் பிள்ளையும் சுகம் என்று அறிந்து சந்தோஷம்.

ஒன்றும் எழுதக்கூடாது என்று ஐயா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால் நான் எழுதவில்லை. இவ்வளவுதான் சொல்லலாம். காலையில் நான் வரும்போது ஐயா வேலியைத் தொட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். தேத்தண்ணீர்ப் பேணியை நான் கையில் வைத்தால்தான் பிடிப்பார். இரண்டு கண்ணிலும் பால் போல வெள்ளை விழுந்திருக்கிறது. கம்பி போன வருடம் பாலன் பிறப்புக்கு முன்பே அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.

வலப்பக்கம் முறுக்கப் பழக எனக்கு நாற்பது நாள் எடுத்தது. குறட்டை வலது கையில் கட்டிவிட்டுப் பழகினேன். இப்போது இரண்டு பக்கமும் வரும். ஐயா கட்டியது முதல் இரண்டு டசின் மட்டும்.

அவருக்குக் கண் தெரியாது என்று ஊருக்குத் தெரிந்தால் மாலைகள் எல்லாம் யாருடையவை என்றும் தெரிந்துவிடும். அதனால் கண்ணுக்கு வைத்தியம் வேண்டாம், கொழும்புக்கும் வரமாட்டேன் என்கிறார். நான் போய்விடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். குறட்டை எடுத்து எறிந்தார். தண்ணீர்க்குடம் உடைந்தது.

நாச்சியார் வைத்திருக்கிற மாலையும் என்னுடையது. வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பலாம். நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

கீழ்ப்படிந்த,
சவிரி மகள் மதலேன்

*

கொட்டாஞ்சேனை.
20-7-1940

அன்புள்ள அம்மானுக்கு,

நாங்கள் நலம். பிந்திவிட்டது, மன்னியுங்கள். இவருக்கு மீசை வளரக் காத்திருந்தேன்.

உங்களுடைய வாக்குப் பொய்யாகக் கூடாது என்று மூன்று பேருமாகப் புதுப் படம் பிடித்தோம். இடப்பக்கம் நான், நடுவில் குழந்தை, வலப்பக்கம் மீசையோடு இவர். குழந்தையின் கழுத்தில் ஒரு செபமாலை இருக்கிறது. பெட்டியில் இருந்ததை எடுத்துவிட்டேன். திரும்ப வைக்கமாட்டேன். அவன் கடித்துப் பார்க்கிறான். கண்ணி ஒன்றும் அசையவில்லை. திமிங்கிலத்துக்குப் பதிலாக அவன் போதும்.

ஐப்பசியில் செபமாலை மாதா திருநாளுக்குச் சுருவத்தின் கழுத்தில் போடுகிற பெரிய மாலை இந்த வருடம் யார் கட்டுவது? அதற்கென்று ஒரு சாண் நீளச் சிலுவையும் தடித்த கம்பியும் அனுப்புகிறேன். என் நேர்த்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதுகிறவருக்கு: எனக்குக் கூடப்பிறந்த பெண் ஒருத்தியும் இல்லை. நாச்சியார் என்று எழுதினால் இனிப் பதில் வராது.

அன்புள்ள,
கத்தரீனா

*

சங்குமுனை.
24-9-1940

சேசு, மரி, சூசை துணை.

மீசைக்காரன் மனைவிக்கு, அம்மானின் ஆயிரம் ஆசீர்வாதம். உடம்பு நல்ல சுகம். நேற்று ஒரு பனையைத் தனியே சாய்த்தேன்.

(ஐயா சொல்லச் சொல்ல எழுதுவது நான். சாய்ந்தது பனையல்ல, வேலியில் நட்ட கதியால் தடி. அதில்தான் மோதினவர். - ம.)

படத்தை உற்றுப் பார்த்தேன். மீசை அபாரம்.

(படம் தலைகீழாக இருந்தது. - ம.)

விஷயத்துக்கு வருகிறேன். சுருவ மாலையை எங்கள் வீட்டில் கட்டும்படி சுவாமி சொல்லிவிட்டார். ஏரம்பு ஊறுகாய் போடுகிற தேசிக்காய் அளவில் ஐம்பத்தொன்பது மணி கடைந்து தந்திருக்கிறான். நம்முடைய ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். மாலையைக் கட்டினவர்தான் மாதா ஊரைச் சுற்றி வருகிற சுற்றுப்பிரகாரத்தில் சுருவத்துக்குப் பக்கத்தில், மாலையின் சிலுவை நுனியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். என் பாட்டனார் காலத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். தூணுக்குப் பின்னால் இருக்கிற ஒருவர் இதுவரை அந்த நுனியைத் தொட்டதில்லை. இந்த வருடம் தொடவேண்டும். அதற்காகத்தான் இந்த ஒரு வருடமும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு வாயை மூடுவது என்ன பாடு என்று உனக்குத் தெரியும்.

ஆனால் மூப்பருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. போன ஞாயிறு கோயில் வாசலில் ஒருவருக்கு நான் மிகவும் மரியாதையாகத் தோத்திரம் சொன்னேன்.

(மணிக்கூண்டுத் தூணுக்குச் சொன்னவர். "சுகமோ சுவாமி" என்றும் கேட்டவர். - ம.)

மூப்பர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். இப்போது ஒரு புது நிபந்தனை. திருநாளுக்கு முதல் நாள் சனிக்கிழமை பின்னேரம், கோயில் முற்றத்தில், சனத்துக்கு முன்னால், சிலுவையைப் பூட்டுகிற கடைசிக் கண்ணியை நானே என் கையால் முறுக்க வேண்டும். முடியாவிட்டால் மாலையைத் தொட்டவள் வேறு யாரோ என்று வைத்து, மாலையை ஒதுக்கிவிடுவார்களாம். வெறுங்கழுத்தோடு மாதா போவா. மதலேன் கோயில் படியே ஏறக்கூடாதாம்.

சரி என்று சொல்லிவிட்டேன். பயப்படாதே.

(எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. - ம.)

இப்படிக்கு,
சனிக்கிழமையை எதிர்பார்க்கும்
யாகப்பு

*

கொட்டாஞ்சேனை.
29-9-1940

அன்புள்ள அம்மானுக்கும் தங்கச்சி மதலேனுக்கும்,

குழந்தைக்கு உடம்பெல்லாம் சின்னமுத்து போட்டிருக்கிறது. இல்லாவிட்டால் இன்றைக்கே ரயில் ஏறியிருப்பேன். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

அம்மான், தை மாதம் அவளை நிறுத்தும்படி நான் எழுதினேன். அந்த வரியைக் கிழித்துவிடுங்கள். சனிக்கிழமை பின்னேரம் நானும் இவரும் இங்கே மாலையைக் கையில் எடுப்போம்.

என்ன நடந்தாலும், அடங்கிப் போக வேண்டாம்.

கத்தரீனா

*

சங்குமுனை.
9-10-1940

சேசு, மரி, சூசை துணை.

அடங்கிப் போக வேண்டாம் என்று அம்மானுக்கே கட்டளை போட்ட மருமகளுக்கு ஆசீர்வாதம். சின்னமுத்து இறங்கியதா? வேப்பிலையும் இளநீரும் கொடு. நாங்கள் இருவரும் சுகம். ஊர்தான் கொஞ்சம் சுகமில்லாமல் இருக்கிறது.

சனிக்கிழமை முற்றத்தில் பத்தாயிரம் சனம்.

(முந்நூறு இருக்கும். - ம.)

ஒரு வாங்கில் மாலை நீண்டு கிடந்தது. சுவாமி கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மூப்பர் குறட்டை என் கையில் தந்து, "பூட்டும் காணும்" என்றார். அந்த நேரம் கடல் அலை அடிப்பதை நிறுத்திவிட்டது.

(அலை இருந்தது. - ம.)

நான் குறட்டை உயர்த்திப் பிடித்தேன். "மூப்பர், எனக்குக் கண் தெரியாது" என்றேன். "ஒரு வருஷமாத் தெரியாது. நீர் எனக்கு முன்னாலை நிக்கிறீரோ பக்கத்திலை நிக்கிறீரோ எண்டும் தெரியாது. இந்த ஊரிலை உள்ள மாலையளிலை முதல் ரெண்டு டசினும் என்ரை. மற்றது முழுக்க மதலேன் கட்டினது."

"அப்ப இவ்வளவு நாளும் ஊரை ஏமாத்தினீரோ?"

"இடம்புரி வராதெண்டன். வந்ததோ?"

சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு. மூப்பர், "தீட்டுப்பட்ட மாலையளை எல்லாரும் இப்பவே கழட்டுங்கோ" என்று கத்தினார். நான் அதற்கும் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். கடகத்தைக் காலடியில் வைத்தேன்.

"ஓம், கழட்டுங்கோ. சுவாமி மந்திரிச்ச மாலை. எறிய மனமுள்ளவை இதிலை எறியுங்கோ. மூப்பர், முதல்லை நீர். ஆனா ஒண்டு. உம்மடை ஆத்தையின்ரை கையிலை சுத்தி அனுப்பினதும் இவள் கட்டினதுதான். நீரே கண்ணாடி பிடிச்சுத் தெரிஞ்செடுத்தனீர். உது மோட்ச வாசலிலை செல்லாதெண்டு சொல்லியிருந்தா ஆத்தை இந்நேரம் திரும்பி வந்து உம்மடை படலையைத் தட்டியிருப்பா. தட்டினவவோ?"

அக்கா, இனி நான் எழுதுகிறேன். ஐயா அழுகிறார், அழவில்லை என்கிறார். மூப்பர் கையை மடிக்குள் விட்டார். அவருடைய மாலை அங்கேதான் இருக்கும். கை வெளியே வரவே இல்லை. கடகத்துக்குள் ஒருவரும் ஒன்றும் போடவில்லை. பிறகு மூப்பரின் மனைவி எழும்பி வந்தா. கடகத்தை எட்டிப் பார்த்தா. போடப்போகிறா என்று நினைத்தேன். குனிந்து மாலையின் சிலுவை நுனியை எடுத்து என் கையில் வைத்தா. "மாமி என்ரை கையிலைதான் சீவன் விட்டவ. பூட்டு பிள்ளை, பொழுது போகுது" என்றா.

எனக்கு இப்போது இரண்டு பக்கமும் முறுக்க வரும். ஐயாவிடமிருந்து குறட்டை வாங்கி இடது கையில் பிடித்தேன். இடப்பக்கமே முறுக்கினேன். மூன்று சுற்று. எல்லோருக்கும் தெரியட்டும் என்று மெதுவாக.

வழக்கத்தை மாற்ற முடியாது, கட்டினவர்தான் பிடிக்க வேண்டும் என்று சுவாமி சொன்னார். ஞாயிறு காலை நான் நுனியைப் பிடித்து நடந்தேன்.

திரும்பவும் ஐயா சொல்கிறார்:

முன் வாங்குக்காரர் பதினொரு குடும்பம் சுற்றுப்பிரகாரத்துக்கு வரவில்லை.

(பதினாறு. - ம.)

வராவிட்டால் போகட்டும். மாதா பாரமில்லாமல் நடந்தா. மூப்பர் வந்தார். என்னோடு கதைக்கவில்லை. அவர் கதைக்காத நாளையும் சரித்திரத்தில் எழுத வேண்டும். ஊரில் மூன்று வீட்டில் எனக்கு நெருப்பும் தரமாட்டார்களாம். சவிரி வீட்டில் அடுப்பு நன்றாக எரிகிறது.

இனி மறைக்க ஒன்றுமில்லை. மார்கழியில் கொழும்புக்கு வந்து கண்ணைக் காட்டுகிறேன். மருமகனின் மீசை உண்மையா என்று பார்க்கத்தான்.

கடைசியில் இதை மட்டும் நானே எழுதுகிறேன். செபமாலைக் கம்பி ஒன்றைக் கடிதாசியில் குறுக்கே வைத்து, அதைத் தடவித் தடவி எழுதுகிறேன். கோணல் இருந்தால் கம்பியில் பிழை.

திருநாள் பூசைக்கு மதலேன் வாங்கில் வந்து இருக்கவில்லை. தரையில்தான் இருந்தாள். ஆனால் கடைசித் தூணுக்கு இந்தப் பக்கம். நானும் பக்கத்தில் இருந்தேன். அவளுடைய ஆட்கள் ஆறு பேர் எழும்பி எங்களுக்குப் பின்னால் வந்து இருந்தார்கள். ஒருவரும் எழுப்பவில்லை.

பூசை முடிந்ததும் பீடம் வரைக்கும் தொட்டுத் தொட்டு நடந்து பார்த்தேன். நம்முடைய கோயிலில் பக்கத்துக்கு ஏழு தூண், பிள்ளை. ஒரு வருடத்தில் ஒன்று முடிந்தது. எனக்கு வயது அறுபத்துமூன்றுதான்.

யாகப்பு